பதினான்கு துணிகளும் ஒரு கேன் தண்ணீரும்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. துணி டயப்பர் விற்கும் ஓர் இணையக் கடை கேட்டு வாங்கியது. கடைக்கார அம்மா மூன்று நிபந்தனைகள் வைத்தார். தூக்கிப்போடும் டயப்பரிலிருந்து துணிக்கு மாறும் தாய் சிரித்த முகமாக இருக்க வேண்டும். வெயில் நிறைய வேண்டும். மலம் என்ற சொல் வரக் கூடாது.

மலம் இல்லாமல் டயப்பரைப் பற்றி எழுதுவது, தண்ணீர் இல்லாமல் வைகையைப் பற்றி எழுதுவது போல. மதுரைக்காரிக்கு அது பழக்கம்தானே என்று ஒப்புக்கொண்டேன். போனில் முடியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்ததும் ஒரு காரணம்.

2

முதல் தொடக்கம்:

ஆனையூரில் ஒரு மொட்டை மாடி. யானைப் படம், நரிப் படம், பட்டாம்பூச்சிப் படம் போட்ட பதினான்கு துணி டயப்பர்கள் இளவெயிலில் அசைந்தாட, சுபலட்சுமி தன் ஆறு மாத மகளைப் பார்த்துப் புன்ன—

இல்லை. பதினான்கையும் அலசிப் பிழிந்து மாடியேறி வந்தவள் யாரைப் பார்த்தும் புன்னகைக்க மாட்டாள். அவளுக்கு மணிக்கட்டு வலிக்கிறது.

(பதினான்கு என்ற எண்ணிக்கை என் அக்கா கொடுத்தது. எனக்குக் குழந்தை இல்லை. வேதியியல் பட்டம் இருக்கிறது. இந்தக் கதைக்கு அது போதும்.)

இரண்டாவது தொடக்கம்:

சுபலட்சுமி தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கிறவள். பேறுகால விடுப்பு முடிந்து வரும் திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும்.

இது நிற்கும். ஆய்வகத்துக்கு இரண்டு கட்டிடம் தள்ளிக் குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. அங்கேயும் நிபந்தனை உண்டு. தூக்கிப்போடும் டயப்பர் போட்ட குழந்தையைத்தான் எடுத்துக்கொள்வார்கள். புண்ணோடு வரும் குழந்தையைச் சேர்க்க மாட்டார்கள்.

"துணி தொவைக்க நமக்கு ஆள் இல்லைங்கம்மா" என்று காப்பகத்து அம்மா சொல்லிவிட்டார். யோசித்துப் பார்த்தால், இந்தக் கதையில் உண்மை பேசும் முதல் ஆள் அவர்தான்.

ஆக, துணி தங்கினால் வேலை போகும். கடைக்கார அம்மாவின் நிபந்தனைகளில் இது இல்லை.

3

துணிக்கு மாறியது சுபலட்சுமியின் முடிவல்ல. அவள் கணவன் சூரியபிரகாஷ், பெயின்ட் கம்பெனியில் விற்பனை அதிகாரி, மூன்று மாதத்துக்கு முன் ஒரு பசுமைக் குழுவில் சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பசுமை. குழுத் தலைவர் விருமாண்டி பிளெக்ஸ் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறார். 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்' என்று ஆறடிக்கு நாலடி பிளெக்ஸில் அடித்துக் கட்டுவார். மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் ஊருக்குள் ஒரு சுற்று போய்விட்டு வந்து மேலே படியுங்கள்.

சூரியபிரகாஷ் வீட்டிலிருந்த டயப்பர் கட்டைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்தான். துணி டயப்பர் வாங்கினான். முதல் நாள் மூன்று துணிகளை அவனே துவைத்தான். விருமாண்டி அதை வீடியோ எடுத்தார். 'பசுமைத் தந்தை' என்று தலைப்பு வைத்தார். வீடியோ முடிந்தது. வாளி கைமாறியது.

எனக்கு இங்கே ஒரு சந்தேகம் வந்தது. இவன் ரொம்பச் சுலபமாக மாட்டுகிறான். இப்படிப்பட்டவனை அடிக்க எழுத்தாளர் எதற்கு? அதனால் அவனுக்கு ஒரு நல்ல குணம் கொடுத்தேன். அவன் அப்பா நல்லகாமன் பரவை மார்க்கெட்டில் காய்கறி ஏலம் விடுகிறவர். சூரியபிரகாஷுக்குத் தாலாட்டு தெரியாது. பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு, "கத்திரி பதினெட்டு, பத்தொம்போது, இருவது… ஒரு தரம்… ரெண்டு தரம்…" என்று முணுமுணுத்தபடி நடப்பான். 'மூணு தரம்' வருவதற்குள் பாப்பா தூங்கிவிடும். வேறு யார் தோளிலும் அப்படித் தூங்காது.

இதை எழுதிய பிறகு அவனைத் திட்டுவது கடினமாகிவிட்டது. முயல்கிறேன்.

4

பத்தே நாளில் துணிகள் அப்பளம் போல விறைத்தன. பாப்பாவின் தொடையிடுக்கு சிவந்து புண்ணானது.

(கடைக்கார அம்மா இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். அந்த வீட்டு மாடித் தொட்டியில் ஏறுவது போர்வெல்லின் உப்புத் தண்ணீர். அதில் சோப்பு நுரைக்காது. வெள்ளைப் பிசுக்காகத் திரிந்து நூலிழையில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அந்தத் துணி ஈரத்தை உறிஞ்சாது. குழந்தை ஈரத்திலேயே கிடக்கும். அவ்வளவுதான். இதில் யாருடைய தாய்மையும் குறைவில்லை.)

"துணியெல்லாம் உப்பேறிக் கெடக்கு. தண்ணிதாங்க காரணம்" என்றாள் சுபலட்சுமி. "கடைசி அலசலாவது கேன் தண்ணில அலசணும்."

"குடிக்கிற தண்ணியிலயா? நல்லாருக்கே! ஒனக்கு வேலைக்குப் போகணும். அதுக்கு இம்புட்டுச் சாக்கு."

"வேலைக்குப் போகணும்தான். அதுக்குச் சாக்கு எதுக்கு?"

"துணியில என்னடி உப்பு? உப்புத் தண்ணி ஊர்ல புள்ளைகளே வளரலயா?"

அவள் மாடித் தொட்டியிலிருந்து ஒரு பாட்டில் பிடித்து ஆய்வகத்துக்குக் கொடுத்துவிட்டாள். உடன் வேலை பார்க்கும் தாமரைச்செல்வி மறுநாளே போன் செய்தாள்.

"ஏ சுபா, இதுல துணியா தொவைக்கிற? ரெண்டு மாங்காயை வெட்டிப் போடு, ஊறுகாயாயிரும்."

முத்திரையோடு அறிக்கை வந்தது. சுபலட்சுமி அதை அவன் மேசைமேல் வைத்தாள். மறுநாள் பார்த்தால், தாளின் பின்பக்கம் வெற்றாக இருந்ததால் அதில் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுக்குக் குறிப்பு எழுதியிருந்தான். 'ஒன்று: நம் வீடே முதல் களம்.' முன்பக்கத்தை அவன் படிக்கவில்லை.

அன்றிலிருந்து யாரிடமும் சொல்லாமல் எல்லாத் துணிகளையும் கடைசியில் கேன் தண்ணீரில் அலசினாள். ஒரு வாரத்தில் புண் ஆறியது. மூன்று நாள் வரும் கேன் தினம் காலியானது. கேன் போடுகிறவன்தான் ஏமாற்றுகிறான் என்று சூரியபிரகாஷ் கண்டுபிடித்தான்.

5

திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிறு. இரண்டாவது வீடியோ எடுக்க விருமாண்டியும், இந்த முறை கேமரா பிடிக்கும் குழுக்காரர் சின்னக்கருப்பனும் வீட்டுக்கு வந்தார்கள். பாப்பா படம் போட்ட பிளெக்ஸ் ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்தார்கள்.

இந்தக் காட்சியை மூன்று விதமாக எழுதினேன். முதலாவதில் சுபலட்சுமி கேமரா முன் நின்று பொரிந்து தள்ளினா— அவள் அப்படிப் பேச மாட்டாள். என் கூச்சத்தைத்தான் அவளுக்குக் கொடுத்திருக்கிறேன், வேறு கூச்சம் கைவசம் இல்லை. இரண்டாவதில் சமையலறையில் அழுதாள். கடைக்குப் பிடித்திருக்கும். எனக்கு வாந்தி வந்தது. மூன்றாவது:

"சுபா, அண்ணனுக்குக் காபி கொண்டா" என்றான் சூரியபிரகாஷ்.

கேன் காலி. அவள் மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தாள்.

விருமாண்டி ஒரு வாய் குடித்தார். வாய் கோணியது. "ஆத்தா, சீனின்னு உப்ப அள்ளிப் போட்டியா?"

"சீனிதாண்ணே போட்ருக்கேன். கேன் தண்ணி தீந்துபோச்சு. இது தொட்டித் தண்ணி. பாப்பா துணிய அலசுறதுக்கு இருக்கிற தண்ணி."

"நல்லவேள, அலசுறதுக்கு முன்னாடி புடிச்சியே" என்றார் சின்னக்கருப்பன், டம்ளரைக் கீழே வைத்தபடி.

"கேன் எப்புடி தீந்துச்சு?" என்றான் சூரியபிரகாஷ்.

"பாப்பா துணிக்கு ஊத்திட்டேன். ஒரு வாரமா ஊத்துறேன். அதான் புண்ணு ஆறிருக்கு." அவன் முன்னால் இருந்த டம்ளரைக் காட்டினாள். "நீங்க ஒரு வாய் குடிங்க. துணியில என்ன உப்புன்னு கேட்டீங்கள்ல."

அவன் குடித்தான். விழுங்க நேரம் பிடித்தது.

"மாப்ள, இத எடுத்துட்டியா?" என்று விருமாண்டி சின்னக்கருப்பனிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"எடுக்கலண்ணே."

"எடுக்காத."

அவர்கள் போனபின் சூரியபிரகாஷ் பேச்சுக் குறிப்புத் தாளைத் திருப்பினான். வெகுநேரம் படித்தான். முன்பக்கத்து அறிக்கையில் மொத்தமே ஒன்பது வரிதான்.

"நாளைக்கு வேலைக்குப் போறேன்" என்றாள் சுபலட்சுமி. "காப்பகத்துக்கு நாலு டயப்பர் வேணும். வீட்ல துணியே இருக்கட்டும், நல்ல விசயந்தான். ஆனா வாளி ஒங்களுது."

"வீடியோவுல இனிமே கடை டயப்பர் வாங்க மாட்டோம்னு சொல்லிருக்கேன் சுபா. ஊரே பாத்துருக்கு."

"ஊரத் தொவைக்கச் சொல்லுங்க."

6

கடைக்கார அம்மா படித்துவிட்டு ஒரு முடிவு அனுப்பினார்: கணவன் மனம் திருந்துகிறான், இருவரும் சேர்ந்து துவைக்கிறார்கள், வெயில். 'அந்தக் காபியை மட்டும் எடுத்துவிடலாமா?' என்றும் கேட்டிருந்தார்.

ஒரு டம்ளர் காபியில் மனம் திருந்துகிற ஆண்களை நான் ஆனையூரில் பார்த்ததில்லை. கதைகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவள் குழந்தையோடு அம்மா வீட்டுக்குக் கிளம்புவதாக இன்னொரு முடிவு வைத்திருந்தேன். அங்கே மட்டும் வாளி யார் கைக்குப் போகும்? வயதான இன்னொரு மணிக்கட்டுக்கு. கிழித்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். திங்கட்கிழமை காலை எட்டரை. சுபலட்சுமி கிளம்பி நிற்கிறாள். காப்பகத்துப் பையில் பால் புட்டி, மாற்று உடை, துவாலை. டயப்பர் வைக்கும் இடம் காலி. குளியலறை வாசலில் வாளி, அதில் பதினான்கு துணி, உள்ளே இருப்பதற்குக் கடை தடை விதித்த பெயர். சூரியபிரகாஷ் எதுவும் சொல்லாமல் எட்டு மணிக்கே பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

தெருமுனையில் ஒரு பைக் சத்தம் கேட்கிறது. வண்டியில் இருப்பது டயப்பர் கட்டா, தண்ணீர் கேனா, வெறும் வீராப்பா, நான் எழுத மாட்டேன். இந்தக் கூச்சக்காரி வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை மறுக்கிறாள்.

முடிவை நீங்கள் சொல்லலாம். எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ஒரே ஒரு நிபந்தனை. சொல்வதற்கு முன் அந்த வாளியைத் தூக்குங்கள். வாசலிலிருந்து குளியலறைக்குள் வைத்தால் போதும்.

பாப்பா சிணுங்குகிறது. சுபலட்சுமி அதைத் தோளில் போட்டுத் தட்டுகிறாள். அவளுக்கும் தாலாட்டு தெரியாது. வாசலைப் பார்த்தபடி, கேட்டுப் பழகியதைச் சொல்லிப் பார்க்கிறாள்.

"ஒரு தரம்… ரெண்டு தரம்…"