மரியாதைக்காக மறுக்கப்பட்ட ராஜினாமா

புதிய அரசாங்கத்தின் மீது ரோமில் செனட் சபையில் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்த அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கு பேர் இருந்தோம். ஒரோன்சோ பிசானெல்லி ஆகிய நான். என் மனைவி அத்தொலொராத்தா. காலமான என் தம்பி கோசிமோவின் மனைவி தெரெசினா. முடிதிருத்தும் பந்தலேயோ. வேறு யாரும் இல்லை. ஐந்தாவதாக ஒருவர் தானும் இருந்ததாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

தெருப்பக்கத்து ஜன்னல்களைச் சாத்தியிருந்தோம். ஜூன் மாத வெயில் ஒரு காரணம். போகிறவர்கள் வருகிறவர்கள் எங்கள் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பது இன்னொன்று.

நாட்டின் தென்கோடியில், லெச்சே நகருக்கும் தெற்கே இருக்கிற எங்கள் ஊரில் மருந்துக்கடை என்றால் அது பிசானெல்லி மருந்துக்கடைதான். மருந்துக்கடைக்காரனான என்னை ஊரில் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பி மகள் டொனாட்டா எங்கள் வீட்டில் வளர்ந்தாள், மருந்தியல் படித்தாள், எனக்குப் பிறகு கடையில் நின்றாள். போன குளிர்காலத்தில் அவள் என்னிடம் வந்து, சதுக்கக் கட்சி தன்னைச் செனட் தேர்தலில் நிற்கச் சொல்வதாகவும், என் சம்மதம் வேண்டும் என்றும் சொன்னாள். பழைய கட்சிகளையெல்லாம் துடைத்தெறிய வேண்டும் என்று சதுக்கங்களில் கூட்டம் கூட்டிக் கத்துகிறவர்கள் அவர்கள். கத்துகிற கட்சிக்கு நான் ஒருநாளும் ஓட்டுப் போட்டதில்லை. ஆனால் நான் ஓட்டுப் போட்ட கட்சிகள் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியை மூடின, ரயிலை நிறுத்தின. அதனால் சம்மதித்தேன். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். வடக்கர் அணியோடு மட்டும் சேரக்கூடாது.

வடக்கர் அணி முப்பது வருஷமாக எங்களைத் திட்டியே வளர்ந்த கட்சி. தெற்கத்தியர்கள் நாறுகிறார்கள், சோம்பேறிகள், வடக்கின் வரிப்பணத்தைத் தின்கிறார்கள் என்று பாட்டுக் கட்டிப் பாடியவர்கள். சமீபத்தில் எங்களை விட்டுவிட்டுப் படகில் வருகிறவர்களைத் திட்ட ஆரம்பித்தார்கள். அதற்காக நாங்கள் நன்றி சொல்லி ஓட்டுப் போட வேண்டுமாம். என் தம்பி கோசிமோ பிழைப்புக்காக வடக்கே வரேசேக்குப் போனபோது, வீடுகளின் வாசலில் ‘தெற்கத்தியருக்கு வாடகைக்கு இல்லை’ என்று பலகை தொங்கியது. டொனாட்டாவை வயிற்றில் சுமந்துகொண்டு தெரெசினா அந்த ஊர் ரயில் நிலையத்துப் பெஞ்சில் படுத்திருக்கிறாள்.

தேர்தலுக்கு முந்தைய கடைசிக் கூட்டத்தில் என்னை மேடைக்கு அழைத்தார்கள். நான் நீளமாகப் பேசுகிறவன் அல்ல. “என் தம்பி மகளை அவர்களோடு ஒரே வரிசையில் உட்கார வைத்தால், மறுநாளே அந்த நாற்காலியை விட்டு எழுந்து வருவாள். இது பிசானெல்லி வீட்டு வாக்கு” என்றேன். ஊர் முழுக்க அதைக் கேட்டது.

டொனாட்டா ஜெயித்தாள். தெற்கில் அந்தக் கட்சி சார்பில் நின்றவர்கள் பெரும்பாலும் ஜெயித்தார்கள். வடக்கில் வடக்கர் அணி ஜெயித்தது. நாட்டை ஆள யாருக்கும் பெரும்பான்மை இல்லை. வசந்தகாலம் முழுவதும் ஜனாதிபதி மாளிகைக்குக் கார்கள் போயின, வந்தன. யாரோடும் சேரமாட்டோம் என்றவர்கள் எல்லோரோடும் பேசினார்கள். கடைசியில் அந்த இரண்டு கட்சிகளும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. கட்சிக்காரர்கள் வீட்டில் இருந்தபடியே கணினியில் பொத்தானை அழுத்தி அதற்கு ஒப்புதல் கொடுத்தார்கள். யாருடைய ஓட்டையும் கேட்டிராத ஒருவர் பிரதமர் ஆவார் என்று முடிவாயிற்று.

ஒப்பந்தம் வெளியான அன்றே டொனாட்டா ராஜினாமா கொடுத்தாள். நான் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. மாலையில் கோட்டுப் போட்டுக்கொண்டு ஊர்ச் சங்கத்துக்குப் போனேன். சீட்டாடிக்கொண்டிருந்த எல்லோரும் கேட்கும்படி, இன்று முதல் டொனாட்டா செனட்டர் அல்ல என்று அறிவித்தேன்.

ஆனால் ரோமாபுரியின் வழக்கம் வேறு. அங்கே ஒரு செனட்டர் தானாக விலக முடியாது. அவர் விலகலாமா என்று சபை ரகசியமாக ஓட்டுப் போட வேண்டும். முதல் தடவை கேட்டால் விடமாட்டார்கள். விலக வேண்டாம் என்று தடுப்பதுதான் சக உறுப்பினருக்குச் செய்கிற மரியாதை. அது சட்டம் அல்ல, நெடுநாள் பழக்கம். எனக்கு அது தெரியாது. எங்கள் வீட்டில் விலகினேன் என்று ஒருவர் சொன்னால் அவர் விலகிவிட்டார்.

ஒவ்வொரு கட்சியிலிருந்தும் ஒருவர் எழுந்து டொனாட்டாவின் நேர்மையைப் புகழ்ந்தார். வடக்கர் அணிக்காரர் எழுந்து, இப்படிப்பட்ட தெற்கத்தியர்கள்தான் இந்த நாட்டுக்குத் தேவை என்றார். பிறகு ஓட்டுப் போட்டு ராஜினாமாவை நிராகரித்தார்கள், கைதட்டினார்கள். அவள் எழுந்து நின்று நன்றி சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் நான் சங்கத்துக்குள் நுழைந்தபோது ஓய்வுபெற்ற தபால்காரர் ரோக்கோ சீட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: “வாங்க டாக்டர். ரோம்ல கதவு உள்பக்கமாத்தான் திறக்குமாமே. பாவம், பொண்ணு வெளிப்பக்கமா தள்ளிப் பாத்திருக்கா.”

நான் உட்காரவில்லை. அதன் பிறகு அங்கே போகவும் இல்லை. கடைக்குப் போனாலும் நிம்மதி இல்லை. ஏழைக் குடும்பங்களுக்கு மாதா மாதம் உதவித்தொகை தருவோம் என்று சதுக்கக் கட்சி சொல்லியிருந்தது. இரத்த அழுத்த மாத்திரை வாங்க வருகிற கிழவர்கள் எல்லாம், உங்கள் வீட்டுப் பெண் ஓட்டுப் போட்டால் அது வந்துவிடும்தானே என்று கேட்டார்கள். என் வாக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மேடையின் முன்னால் நின்று கைதட்டியவர்கள்தான் அவர்களும்.

மறுபடி ராஜினாமா கொடுக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். டொனாட்டா விசாரித்துச் சொன்னாள்: நம்பிக்கை வாக்கெடுப்புக்கு முன்னால் அதைச் சபையில் எடுக்கவே மாட்டார்கள். அதன் பிறகு ஏற்றுக்கொண்டாலும் எங்கள் தொகுதிக்கு இடைத்தேர்தல் வரும். வடக்கர் அணி அதற்குள் எங்கள் சதுக்கத்திலேயே, மூடிக் கிடந்த செருப்புக்கடையில், அலுவலகம் திறந்துவிட்டது. அவள் எழுந்தால் அந்த நாற்காலியில் அவர்களே உட்காருவார்கள்.

வாக்கெடுப்பு நாள் காலையில் அவள் தொலைபேசியில் அழைத்தாள்.

“பெரியப்பா, இல்லைன்னு சொன்னா இன்னைக்கே கட்சியை விட்டுத் தூக்கிடுவாங்க. அதுக்கு நான் பயப்படல. ஆனா இங்க நாலஞ்சு ஓட்டுலதான் எல்லாம் நிக்குது. எங்கள்ல கொஞ்சம் பேர் இல்லைன்னு சொன்னா அரசாங்கம் விழும். மறுபடி தேர்தல் வந்தா வடக்கர் அணி தனியாவே ஆட்சிக்கு வந்துடும்.”

“ஆமான்னு சொன்னா?”

“சொன்னா, நீங்க ஊர்ல குடுத்த வாக்கு போச்சு.”

பிறகு அவளே சொன்னாள்: “நீங்க சொல்லுங்க பெரியப்பா. நீங்க எதைச் சொல்றீங்களோ அதையே சொல்றேன்.”

எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான் இருந்தது. அதுவரை எந்தக் கேள்விக்கும் எங்கள் வீட்டில் நான் பதில் சொல்லாமல் இருந்ததில்லை.

“பேரைக் கூப்பிட்டதும் நிமிந்து நட. என்ன சொன்னாலும் சத்தமா சொல்லு. முணுமுணுக்காதே” என்றேன்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

மதியம் பந்தலேயோ வந்தான். அவன் வீட்டிலும் தொலைக்காட்சி இருக்கிறது. கடையில் ஆள் இல்லை என்றான். அத்தொலொராத்தா எல்லோருக்கும் பனிக்கட்டி போட்டுப் பாதாம் பால் ஊற்றிய காப்பி கொடுத்தாள். நான் குடிக்கவில்லை.

சபையில் ஒவ்வொரு செனட்டரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவர் இருக்கையை விட்டு எழுந்து, தலைவரின் மேடைக்கு முன்னால் நடந்து போய், எல்லோரும் கேட்கும்படி ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும். எந்தப் பெயரிலிருந்து தொடங்குவது என்று சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அன்று எங்கள் பெயருக்குச் சற்றே பின்னால் வருகிற ஒரு பெயர் விழுந்தது. அகரவரிசை முழுவதும் சுற்றி வந்த பிறகுதான் எங்கள் முறை.

எனவே காத்திருந்தோம். ஆம், ஆம், இல்லை, ஆம். சிலர் சிரித்துக்கொண்டே போனார்கள். அறையில் காற்று இல்லை. ஜன்னலைத் திறக்கட்டுமா என்று அத்தொலொராத்தா கேட்டாள். வேண்டாம் என்றேன்.

பந்தலேயோவால் சும்மா இருக்க முடியாது. “வடக்கத்தியானோ தெற்கத்தியானோ, முடி எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் வளருது டாக்டர். அந்தத் தொகை வந்தா என் கடைக்கும் நாலு தலை வரும்” என்றான்.

வரேசே ஊர்ப் பெஞ்சில் என் தம்பி குடும்பம் படுத்திருந்ததை யாரும் எனக்கு விலை பேச வேண்டாம் என்றேன்.

அதுவரை வாய் திறக்காத தெரெசினா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “அந்தப் பெஞ்சுல படுத்தது நான், அத்தான். நீங்க இல்ல.”

என் வீட்டில் அவள் என்னிடம் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. அத்தொலொராத்தா காப்பிக் கோப்பைகளை எடுக்கத் தொடங்கினாள். பந்தலேயோ தன் காலணிகளைப் பார்த்தான். எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. ஆனால் அதற்குள் பெயர்கள் எங்கள் எழுத்துக்கு வந்துவிட்டன.

“பிசானெல்லி.”

என் தாத்தாவின் பெயர், என் அப்பாவின் பெயர், கடைப் பலகையில் இருக்கிற பெயர். அந்த மண்டபத்தில் அது முன்பு ஒலித்ததில்லை. டொனாட்டா எழுந்தாள். சாம்பல் நிறக் கோட்டுப் போட்டிருந்தாள். நிமிர்ந்துதான் நடந்தாள். மேடைக்கு முன்னால் நின்றாள்.

“ஆம்” என்றாள்.

வடக்கர் அணி வரிசையில் ஒருவர் அவள் கடந்து போகும்போது முதுகில் தட்டினார். அவள் நிற்காமல் போய்விட்டாள்.

பந்தலேயோ மகிழ்ச்சியைக் காட்டிக்கொள்ளவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு, “வரேன் டாக்டர்” என்று மெல்லச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். தெரெசினா எழுந்து என்னைக் கேட்காமலே ஜன்னல்களைத் திறந்தாள். தெருவில் ஆட்கள் நின்றிருந்தார்கள். நான் நாற்காலியை விட்டு நகரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

இப்போது ஊரில் ஒரு பேச்சு நடமாடுகிறது. அன்று டொனாட்டாவுக்குக் கடும் காய்ச்சலாம். விடுதி அறையை விட்டு எழவே இல்லையாம். அவள் ஓட்டு மற்றவர்கள் ஓட்டோடு தவறாகச் சேர்ந்துவிட்டதாம். எங்கள் வீட்டின் மேல் பிரியம் உள்ளவர்கள் கிளப்பிவிட்ட பேச்சு இது. சங்கத் தலைவரே கடைக்கு வந்து, “நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் டாக்டர். சும்மா இருந்தா போதும், வாக்கு நின்ன மாதிரி ஆயிடும்” என்று என் காதருகே சொல்லிவிட்டுப் போனார்.

டொனாட்டாவுக்கு அன்று காய்ச்சல் இல்லை. சபைக்குப் போனாள். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நடந்து போய் “ஆம்” என்று சொன்னாள்.