கோணவாயன் வீட்டுக் காம்பெல்

கோட்டாற்றில் ஒரு குடும்பத்துக்கு வட்டப்பெயர் விழுந்துவிட்டால், பிறகு ஞானஸ்நானப் பெயர் சர்ச் புத்தகத்துக்கு மட்டும்தான். மிளகு வியாபாரி தேவகனியின் வீடு, கோணவாயன் வீடு. மலைத் தோட்டத்தில் கூலியாக இருந்த அவருடைய தாத்தாவை வெள்ளைக்காரத் துரை பூட்ஸ் காலால் உதைத்ததில் தாடை ஒருபக்கமாகத் திரும்பி நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பிறந்தவர்கள் வாயெல்லாம் நேர்தான். பெயர் நேராகவில்லை.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், தேவகனி கடைப் பலகையில் தமிழ் எழுத்தில் ‘டி. காம்பெல்’ என்று எழுதவைத்தார். உதைத்த துரையின் குடும்பப்பெயர் அது. தாத்தா மேனேஜராக இருந்தார், துரை மகன்போல நினைத்துப் பெயரைக் கொடுத்தார் என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்வார். உள்ளூரில் வாயைத் திறக்கமாட்டார்.

ஐந்து வருஷம் கழித்துப் பாளையங்கோட்டையிலிருந்து மகள் செசிலிக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை யூஜின் காலேஜ் வாத்தியார். துரை பெயருள்ள குடும்பம் என்பதில்தான் அந்த வீட்டாருக்கு மயக்கம். செசிலிக்கு இருபத்தாறு வயது. முன்பு வந்த இரண்டு வரன்களும் வட்டப்பெயரைக் கேள்விப்பட்டுத் திரும்பிப் போனவை. அதனால் நிச்சயத்துக்கு முந்தின வாரம் தேவகனி சந்தையில் கடைகடையாக ஏறி, அந்த வார்த்தை மட்டும் வெளியே வரக்கூடாது என்று கும்பிட்டார். வற்றல் கடை சுடலையாண்டி, எந்த வார்த்தை அண்ணாச்சி என்று ஒன்றும் தெரியாதவன்போலக் கேட்டு, அவர் வாயாலேயே சொல்லவைத்தான். அப்புறம்தான் எல்லாரும் சத்தியம் செய்தோம். காப்பாற்றவும் செய்தோம்.

நிச்சயத்தன்று, சந்தைக்காரர்கள் நாங்களும் கூடியிருக்க, மோதிரத்தை எடுக்கும்முன் மாப்பிள்ளையின் தாய்மாமா ததேயுஸ் தொண்டையைச் செருமினார். மூணாறு தோட்ட ஆபீசில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்தவர். பெண்வீட்டைப் பெருமைப்படுத்தத்தான் ஆரம்பித்தார்.

“காம்பெல்னா ஸ்காட்லாந்துல பெரிய குலம். ஆதியில ஒரு தலைவனுக்கு வாய் கோணல். அந்தப் பட்டப்பேரையே பெருமையா வச்சுக்கிட்டாவ. அவுக பழைய பாஷையில காம்பெல்னா கோணவாயன்னுதான் அர்த்தம்.”

சுடலையாண்டி துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டான்.

தேவகனி எழுந்தார். மாமாவைப் பார்க்கவில்லை, எங்களைத்தான் பார்த்தார்.

“எவம்ல சொல்லிக் குடுத்தது? கால்ல விழாத குறையா கேட்டேனேல. எனக்க தாத்தா கூலிக்காரன்தான், துரை சவிட்டித்தான் வாய் கோணிச்சு. அதுக்கு எனக்க மக என்னல செய்வா?”

ததேயுஸுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“மேனேஜருன்னுல்லா சொன்னிய?” என்று மெதுவாகக் கேட்டார்.

மோதிரம் வந்த பையிலேயே திரும்பிப் போயிற்று. யூஜின் ஒருதடவை உள்வீட்டைப் பார்த்தான், அவ்வளவுதான். ஆக்கிய சோற்றை வீணாக்கலாமா என்று நாங்கள் உட்கார்ந்தோம். செசிலிதான் பரிமாறினாள், நிச்சயப் பட்டோடு. பாயசம் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினோம்.

மறுநாளிலிருந்து சந்தையில் ஒருத்தரும் கோணவாயன் என்று சொல்வதில்லை. சுமைகூலிக்காரன் வரைக்கும், மரியாதையாக, காம்பெல் அண்ணாச்சிதான். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த தேவகனி, பலகையைக் கழற்ற ஏணி வைத்து ஏறினார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்ட சுடலையாண்டி அண்ணாந்து கேட்டான்.

“தமிழிலயே எழுதிப் போட்டிரலாமா அண்ணாச்சி?”