நாடாப் பையின் குறைகள்

இருபது வருஷமாக அடுத்தவன் வேலையில் நொட்டை சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கிய மனிதர் அவர். பம்புகள் தயாரிக்கும் தொழிற்சாலையில் தர ஆய்வாளர். இரும்பு வார்ப்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. சிவப்புச் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டு ஓரமாகத் தள்ளிவிடுவார். வீட்டில் அவரை மரியாதையாக இன்ஸ்பெக்டர் என்பார்கள். மரியாதை என்று நான் சொல்வது, அந்தச் சொல்லை அவருடைய மாமியார் இழுத்துச் சொல்லும் அழகைக் கேட்காதவர்களுக்காக.

போன வருஷம் முதலாளிகள் தொழிற்சாலைக்கே பெருக்கல் குறி போட்டுவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் வீட்டோடு வந்து உட்கார்ந்தார். வீட்டில் ஆய்வு செய்ய என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள், ஏராளமாக இருந்தது. கதவுக் கீல் முனகியது, மடித்து வைத்த துணிகளின் ஓரம் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை, காய் நறுக்கினால் ஒரு துண்டைப் போல இன்னொரு துண்டு இல்லை. மனைவி காலையில் இன்சூரன்ஸ் ஆபீசுக்குக் கிளம்பித் தப்பித்துவிடுவாள். மாட்டிக்கொண்டது, கூடவே இருந்த மாமியார்தான். ஒருநாள் அந்த அம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடு போட்டார்.

“மாப்பிள்ளை, பார்த்துப் பார்த்து உங்க கண்ணு பூத்துப் போயிருக்கும். அதுக்குக் கொஞ்சம் லீவு குடுத்துட்டு, கையால ஏதாவது ஒண்ணு செஞ்சு காட்டுங்களேன். நாங்களும் ஆசை தீர நாலு குறை சொல்லிக்கிறோம்.”

கேலிக்குச் சொன்னதுதான். இன்ஸ்பெக்டருக்கோ சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தார். இருபது வருஷத்தில் ஆயிரக்கணக்கான பொருளைத் தள்ளியிருக்கிறார், ஒன்றைக்கூடச் செய்ததில்லை. இந்த உண்மை அவருக்கு இத்தனை நாள் உறைக்காமல் போனதுதான் பெரிய விசேஷம்.

மனைவி மதியச் சாப்பாட்டை ஒரு துணிக்கடைப் பிளாஸ்டிக் கவரில் கொண்டுபோவாள். கவரின் காது பிய்ந்து, அதில் ஒரு முடிச்சு. சாப்பிடும் நேரத்துக்குள் எல்லாம் ஆறி அவலாகிவிடும். பஞ்சு வைத்துத் தைத்து, நாடா கோத்த பை ஒன்று இருந்தால் சூடு நிற்கும். சரி, தைத்துவிடுவோம் என்று முடிவு செய்தார். சூடு ஒரு சாக்கு. வீட்டில் ஒருத்தி சம்பாதிக்கிறாள், ஒருத்தன் சும்மா இருக்கிறான் என்று ஊர் பேசுமே, அந்தச் ‘சும்மா’வை அவர் அழிக்க வேண்டும். தன் கையால் செய்த ஒன்றை அவள் நாலு பேர் பார்க்கத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாமியாருக்கு ஒரு மாதத்துக்குப் பேச விஷயம் கிடைத்துவிடும்.

மாமியாரின் பழைய தையல் மிஷின் மாத்திரை டப்பாக்களைச் சுமந்துகொண்டு மூலையில் கிடந்தது. அதை இறக்கி எண்ணெய் விட்டார். போனில் ஒரு வீடியோ. அதில் ஒரு பெண் பல்லைக் காட்டிக்கொண்டே பத்து நிமிஷத்தில் தைத்து முடித்தாள். மேல்துணிக்கு அடியில் பஞ்சு விரிப்பை வைத்துக் கட்டம் கட்டமாகத் தைக்க வேண்டும். அதைப் பையாக மூட்ட வேண்டும். உள்துணியை இன்னொரு பையாக மூட்டி, இரண்டையும் வாயோடு வாய் சேர்த்துத் தைக்க வேண்டும். அந்தப் பெண் உள்துணியின் அடியில் ஒரு கை நுழைகிற அளவு தைக்காமல் விட்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் வீடியோவை அங்கேயே நிறுத்தினார்.

“பார்த்தீங்களா அத்தை? இவ்வளவு பெரிய ஓட்டையை விட்டுட்டு, வெட்கமில்லாம சிரிக்கிறா பாருங்க! நம்ம கம்பெனியா இருந்தா சீட்டைக் கிழிச்சு அனுப்பியிருப்போம்.”

மிச்ச வீடியோவைப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. அந்த ஓட்டையை அடைத்தார். சாதாரணமாக இல்லை, இரட்டைத் தையல் போட்டு அடைத்தார். அப்புறம்தான் தெரிந்தது, தைத்து முடித்த மொத்தத்தையும் வெளியே உருவி, நல்ல பக்கத்தைப் புரட்டி எடுக்க இருந்த ஒரே வழி அதுதான் என்று. நாலு பக்கமும் அடைபட்டு, அழகான துணியெல்லாம் உள்ளே சிறைபட்டு, கையில் ஒரு மொத்தை நின்றது.

மாமியார் அதை வாங்கிப் பக்குவமாக அமுக்கிப் பார்த்தார். “தலையணை நல்லாத்தான் வந்திருக்கு. கொஞ்சம் சின்னது. ஒரு காதுக்கு மட்டும் வெச்சுக்கலாம்.”

இரண்டாவது பைக்கு முதலிலேயே அளவாக வெட்டிவிட்டு அப்புறம் கட்டம் தைத்தார். பஞ்சு துணியைச் சுருக்கி இழுத்துக்கொண்டது. உள்துணி மட்டும் வெட்டிய அளவிலேயே இருந்து, வாய்க்கு வெளியே நாக்குத் தள்ளியது. மூன்றாவது யார் பார்த்தாலும் பைதான். ஆனால் ஒரு கோடு நூலளவு விலகியிருந்தது. போட்டாரே பெருக்கல் குறி! மாமியார் எதையும் வீணாக்குகிறவர் இல்லை. ஒன்றில் பூண்டைப் போட்டார், ஒன்றில் வெங்காயத்தைப் போட்டார். இரண்டும் சமையலறை ஆணியில் தொங்கி, போகும்போதும் வரும்போதும் மாப்பிள்ளையின் மானத்தைக் காற்றாட வைத்தன.

அதற்கப்புறம் வந்த பையில்தான் அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். குறையில்லாமல் இல்லை. குறை எங்கெங்கே என்று அவருக்கு மட்டும் தெரியும், அவ்வளவுதான். நீலத்துணியில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. இரண்டு பக்கமும் நாடா. இழுத்தால் சமர்த்தாக வாயை மூடிக்கொண்டது. அந்த வீட்டில் வேறு யாருக்கும் வராத பழக்கம்.

காலை அவசரத்தில் மனைவி டப்பாவை அதில் வைத்தாள். நாடாவை இழுத்தாள். “நல்லாத்தான் இருக்கு” என்றாள். கிளம்பிவிட்டாள். இன்ஸ்பெக்டர் ஜன்னலில் நின்று பார்த்தார். அவள் பையை வீசி வீசி நடந்து தெருமுனை திரும்பும்வரை பார்த்தார். உச்சி குளிர்ந்துபோயிற்று அந்த மனிதருக்கு.

சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

“ஆபீஸ்ல பார்த்தாங்களா?”

“பார்த்தாங்க. அழகா இருக்குன்னாங்க.”

“யார் தைச்சதுன்னு கேட்டாங்களா?”

“கேட்டாங்க. வீட்டுல தைச்சதுன்னு சொன்னேன்.”

வீட்டில் தைத்தது. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஊரில் உள்ள விரிசலையெல்லாம் பிடித்த கண், இந்தப் பதிலை மட்டும் அப்படியே தேர்வாக்கி அனுப்பிவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து மருந்துக்கடையில் அவருக்கு முன்னால் நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்து முகம் மலர்ந்தார். மனைவியின் ஆபீஸ் கேஷியர்.

“சார்! நீங்க ஊர்லயா இருக்கீங்க? எப்பவும் டூர்னு சொல்லுவாங்களே. வெளியூர் பாக்டரி எல்லாம் நீங்கதான் பார்க்கிறீங்களாமே!”

இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தார். அந்த அம்மாளுக்குப் பதில் தேவைப்படவில்லை.

“உங்க வீட்டம்மா கை இருக்கே, தங்கம்! ஆபீசும் பார்த்துக்கிட்டு, வீட்டுல உட்கார்ந்து இப்படிப் பையும் தைக்கிறாங்கன்னா சும்மாவா? ஞாயித்துக்கிழமை நானும் ஆபீஸ்ல புதுசாச் சேர்ந்த பொண்ணும் கத்துக்க வர்றோம். நீங்களும் இருந்தீங்கன்னா சந்தோஷம்.”

அவர் வாங்க வந்த மருந்தை வாங்காமலேயே வீட்டுக்கு வந்தார். பை போனது பெரிதில்லை. மாதக்கணக்காகத் தன் பெண்டாட்டி தன்னை ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருக்கிறாள், இங்கே வீட்டோடு இருக்கிற தன்னை ஒருத்தருக்கும் காட்டாமல் வைத்திருக்கிறாள். அதுதான் பெரிது. கேட்டுவிடலாம். கேட்டால் அவள் ஏதாவது பதில் சொல்வாள். அந்தப் பதிலுக்குப் பயந்து கேட்கவில்லை.

சனிக்கிழமை அவளே வந்தாள், துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே, எங்கேயோ பார்த்துக்கொண்டு.

“நாளைக்கு ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேர் வர்றாங்க. நீங்க கொஞ்ச நேரம்... வெளியில எங்கேயாவது போயிட்டு வர்றீங்களா?”

“மழை வரும்போல இருக்கு” என்றார் இன்ஸ்பெக்டர். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தபோது, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கூடத்து நாற்காலியில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். மனைவி முகத்தில் ஈயாடவில்லை. “நேத்துதான் டூர்ல இருந்து வந்தார்” என்றாள். மாமியார் சமையலறை வாசலில் நின்று, “ஆமாமா, ரொம்பத் தூரம். பூண்டுப் பை வரைக்கும் போயிட்டு வந்தார்” என்று ஆரம்பித்தார். மகள் அவரை உள்ளே தள்ளி, டீ போடச் சொன்னாள்.

பாடம் தொடங்கியது. புதுப் பெண் ஒரு துணியோடு மிஷினுக்குப் பக்கத்தில் நின்று, “அக்கா, உள்துணியை எப்படிச் சேர்க்கிறது?” என்றாள். அக்கா நூல்கண்டைக் கையில் எடுத்தாள், திரும்ப வைத்தாள். “அது... முதல்ல பொறுமை வேணும்” என்றாள். “நாடா எது வழியா போகுது?” என்று கேட்டாள் புதுப் பெண். “அதுக்கும் பொறுமைதான்” என்றாள் அக்கா. செய்தித்தாளுக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர் இதையெல்லாம் கேட்டு அனுபவித்தார். இல்லை என்று சொன்னால் பொய்.

கேஷியர் அம்மாள் நல்ல மனசுக்காரர். வீட்டு ஆண்பிள்ளை தனியாக உட்கார்ந்திருக்கிறாரே என்று அவரையும் பேச்சில் இழுத்தார்.

“சார் குறை கண்டுபிடிக்கிறதுல மன்னராச்சே! உங்க வீட்டம்மா தைச்ச இந்தப் பையில ஒரு குறை சொல்லுங்க பார்ப்போம்!”

கேட்கக் கூடாத ஆளிடம் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டார். இன்ஸ்பெக்டர் எழுந்தார். பையை வாங்கினார். கண்ணாடிகூடப் போடவில்லை, தடவிப் பார்க்கவும் வேண்டியிருக்கவில்லை.

“இந்தப் பக்கம் மூணாவது கோடு பாருங்க. போகப் போகச் சாயுது. தைச்ச ஆளுக்குக் கை நடுங்கியிருக்கு. இந்த மூலையில பஞ்சு திரண்டு நிக்குது. இங்க நூல் மாறியிருக்கு, பாதியில தீர்ந்துபோச்சு, வேற நீலம் போட்டு ஒப்பேத்தியிருக்கு. நாடா மடிப்பு ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் இடுக்கு. அடியில பார்த்தீங்களா? புரட்டுறதுக்கு விட்ட இடத்தைக் கையால மூடியிருக்கு. குழந்தை தைச்ச மாதிரி தையல்.”

புதுப் பெண்ணின் சிரிப்பு பாதியில் நின்றது. மனைவியின் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு நாக்கில் ஊறியது. இன்னும் படட்டும் என்று தோன்றியது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தெரிந்திருந்தால் அவர் இன்ஸ்பெக்டராகவே ஆகியிருக்க மாட்டார்.

“மொத்தத்துல இது எதுக்கும் உதவாது. வேலை தெரியாத ஆள், பொழுது போகாம செஞ்சது. தூக்கிக் குப்பையில போடுங்க.”

“யாரைக் கேட்டுக் குப்பையில போடுவீங்க?”

மனைவி பையை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

“என்ன தெரியாத ஆள்? என்ன பொழுது போகாம? அந்தக் கோட்டைப் பிரிச்சுப் பிரிச்சு எத்தனை தடவை தைச்சீங்க! விரல்ல ஊசி ஏறி ரத்தம் கொட்டுது, அப்பவும் துணியில பட்டுடக் கூடாதுன்னு கையைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு நின்னீங்களே, நான் பார்க்கலைன்னு நினைச்சீங்களா? நூல் தீர்ந்ததும் அதே நீலம் கிடைக்குதான்னு கடை கடையா ஏறி இறங்கிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தீங்களே! இத்தனை வருஷத்துல ஒரு பொருளைச் செஞ்சு என் கையில குடுத்திருக்கீங்க. இதைக் குப்பைன்னா சும்மா விட்டுருவேனா? வேற யாராவது சொல்லியிருந்தா, கன்னத்துல...”

அத்தோடு நின்றாள். யார் முன்னால் நின்று என்ன பேசிவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பையை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி தரையைப் பார்த்தாள். சமையலறையில் கரண்டிச் சத்தம் ஓய்ந்தது.

கேஷியர் அம்மாள் இவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “அப்போ... சார் டூர்ல...” என்று மெல்ல இழுத்தார்.

இன்ஸ்பெக்டருக்கு ஒரு வழி இருந்தது. டூரில் இல்லாத நேரத்தில் தைத்தேன் என்று சிரித்து மழுப்பியிருக்கலாம். அந்த அம்மாள் நம்பவும் தயாராக இருந்தார். மனைவியின் தலை நிமிரவே இல்லை. அவள் விரல்கள் நாடாவை முறுக்கிக்கொண்டே இருந்தன. இவ்வளவு நேரம் அவளைக் குத்திக் குத்தி ரசித்தோமே என்று அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“டூர் எல்லாம் இல்லீங்க” என்றார். “வேலை போயிடுச்சு. கம்பெனியை மூடிட்டாங்க. இப்ப வீட்டுலதான் இருக்கேன். பை தைக்கிறேன்.”

இதை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு கூரை இடிந்து விழவில்லை. புதுப் பெண் கையிலிருந்த துணியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். மனைவி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிஷின் முன்னால் கிடந்த நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

“அப்புறம் என்ன நிக்கிறீங்க? உட்காருங்க. எனக்கு ஒரு எழவும் தெரியாதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. நீங்களே சொல்லிக் குடுங்க. அந்த மூணாவது கோடு எப்படிக் கோணுச்சுங்கறதையும் சேர்த்துச் சொல்லுங்க. நானும் கேட்டுக்கிறேன்.”