பின்சக்கரத்துக்கு ஒரு விரல் இடம்

சுற்றிக்கொண்டே இருக்கிறது, தரையைத் தொடாமல், ஜாக்கியின் மேல் தூக்கி நிறுத்திய காரின் பின்சக்கரம், நாச்சிமுத்து ஒற்றை விரலால் தள்ளிவிட்டதுதான், சத்தமில்லை, ஆட்டமில்லை, உற்றுப் பார்த்தால் அது நிற்பதுபோலவே தெரிகிறது, அடேயப்பா என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்கிறார், நூல் மில்லில் ஃபிட்டராகச் சேர்ந்த முதல் நாள் ஸ்பிண்டில்கள் சுற்றுவதைக் கண்டும் இப்படித்தான் நின்றார், வரிசை வரிசையாக அத்தனையும் சுற்றிக்கொண்டு, ஒன்றுகூட அசையாததுபோல, வாய மூடுப்பா, பஞ்சு போயிரும் என்று மேஸ்திரி முதுகில் தட்டினார், வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த பிறகும் சுற்றுகிற எதைக் கண்டாலும் அந்த வாய் மூடுவதில்லை, வீட்டுக் கிரைண்டரைக்கூட அப்படித்தான் பார்ப்பார், மாவு பொங்கி வழியுது, பாத்துட்டு நிக்கறீங்களே என்று வசந்தாமணி வந்துதான் நிறுத்த வேண்டும்.

இந்தச் சக்கர வேலை எல்லாம் அந்த வசந்தாமணிக்காகத்தான். மகள் பூங்கோதை வால்பாறையில் எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ், இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் அவளைப் பார்க்கப் போகும்போது, கொண்டை ஊசி வளைவு, தூறல், தேய்ந்த டயர், வண்டியின் பின்பக்கம் மட்டும் தன் இஷ்டத்துக்கு வழுக்கிக்கொண்டு போகிறது, ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவருக்கு ரோடு தெரிந்தது, முழங்கால் வலிக்காகப் பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவளுக்குப் பள்ளம் தெரிந்தது, தடுப்புச்சுவரை உரசி நின்றதும் அவள் கதவைத் திறந்து இறங்கினாள், மழையில் நடந்தாள், வெறுங்காலோடு, ஏனென்றால் காருக்குப் பூசை போட்ட நாளிலிருந்து செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, கையில் எடுத்துக் கால்மாட்டில் வைத்துக்கொள்வதுதான் அவள் வழக்கம். பின்னால் வந்த பஸ்ஸைக் கைகாட்டி ஏறிவிட்டாள், அன்றிலிருந்து கல்யாணமோ கருமாதியோ அவளுக்குப் பஸ்தான், அவர் அந்தப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போவார், பஸ்ஸின் பின்கண்ணாடியில் அவள் கொண்டையும் கனகாம்பரமும் தெரியும், எங்கே நிறுத்தினாலும் இவரும் நிறுத்துவார், கிறுக்குப் பிடித்த மனுசன் என்று கண்டக்டர் சிரித்திருப்பான், சிரிக்கட்டும்.

டயரை மாற்றிப் பார்த்தார், புது டயரும் பழசு மாதிரியே கறுப்பாக வட்டமாகத்தானே இருக்குதுங்க என்று சொல்லிவிட்டாள். இப்போது பூங்கோதைக்கு மாசம் ஏறிவிட்டது, வெள்ளிக்கிழமை வளைகாப்புக்குக் கட்டுச்சோறு கொண்டுபோய்ப் போட்டு, மகளைப் பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டு மலையிறங்க வேண்டும், உங்க வண்டில எம்புள்ளய ஏத்த மாட்டேன், வாடகைக் காருக்குச் சொல்லிப்போட்டேன் என்றாள் வசந்தாமணி, சண்டையாகக்கூட இல்லை, காய் வாங்கி வரச் சொல்கிற குரலில், அதுதான் அவரைக் குத்தியது, பெற்ற மகளைக் கூட்டி வர ஊரான் வண்டியா என்று இரவெல்லாம் புரண்டார். விடிந்ததும் சிங்காநல்லூரில் பட்டறை வைத்திருக்கும் அருளப்பனிடம் வந்து நின்றார், அருளப்பன் பெரிய தொந்தியோடு எழுந்து வந்து, சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவில் வைக்கிற அலுமினிய வட்டுகளை மேசையில் பரப்பினார், ஸ்பேசர் என்று பெயர், இதை வைத்தால் சக்கரம் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கும், காலை அகட்டி ஊன்றிக்கொண்டவன் மாதிரி வண்டி நிலைகொள்ளும்.

அஞ்சு எம்எம் இருக்குது, பத்து இருக்குது, இருபது இருக்குது, எது வேணுமுங்கண்ணா என்றார் அருளப்பன், இருபதே போடு, நிக்கறது அவ கண்ணுக்குத் தெரியோணும் என்றார் நாச்சிமுத்து. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார், என்ன வழவழப்பு, நடு ஓட்டை அச்சின் விளிம்பில் பிசகில்லாமல் போய் உட்கார்கிறது, டக்கென்று ஒரு சின்னச் சத்தம், அந்தச் சத்தத்துக்கே அவருக்கு மெய் சிலிர்த்தது, ஒரு விரல் கனத்து உலோகம் ஒரு வண்டியையே வேறு வண்டியாக்குமா, தடிமனுக்குத் தக்க நீள போல்ட்டுகளைத் தானே முறுக்கினார், சக்கரத்துக்கு மேலே கவிந்த வளைவுத் தகட்டுக்கும் டயருக்கும் நடுவே விரல் விட்டுப் பார்த்தார், இரண்டு விரல் தாராளமாகப் போனது. இறக்கி நிறுத்தியதும் தள்ளி நின்று பார்த்தார், வாய் திறந்துகொண்டது.

அப்போதுதான் வசந்தாமணி வந்து சேர்ந்தாள், டவுன் பஸ்ஸில், தூக்குப்போசியோடு, சர்க்கரை நோய்க்காரர் நேரத்துக்குச் சாப்பிட வேண்டுமே. பாரு அம்மிணி, எப்படி நிக்குது பாரு என்றார், அவள் பார்த்தாள், சாப்பிடுங்க என்றாள். அருளப்பன் வண்டியின் பின்பக்கத்தை அழுத்திப் பார்த்தவர், ஏனுங்கண்ணா, ஆளேத்தி அளந்தீங்களா என்று கேட்டார், அவ்வளவுதான், நாச்சிமுத்துவின் கையில் சோறு நின்றுவிட்டது. ஒவ்வொரு பாகத்தையும் சுமையோடு சோதித்துத்தான் அனுப்புவார், மில்லில் அதற்காகவே பெயர் வாங்கியவர், அவர் காலி வண்டியை அளந்திருக்கிறார். மறந்தது அல்ல, பின்சீட்டு என்றால் காலி என்றே கண் பழகிவிட்டது, அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தார், ஆளே இல்லாத வண்டியத்தான் நான் அளந்திருக்கறேன் அம்மிணி.

நான் பூங்கோதைப் புள்ளன்னு வெச்சுக்கங்க, தொந்தி இருக்குதல்ல என்று அருளப்பன் ஒரு பக்கம் ஏறி உட்கார்ந்தார், அக்கா, நீங்க இந்தப் பக்கம் சித்த உக்காருங்க, வண்டி ஓடாது. அவள் வண்டியையே பார்த்து நின்றாள், ஓடாதுங்கள்ல என்று கேட்டுக்கொண்டாள், செருப்பைக் கழற்றினாள், ஏறினாள், ஏறியவள் அசையவில்லை, கால்மாட்டில் பழைய செருப்பு ஜோடி அப்படியே கிடக்கிறது, மலைப்பாதையில் விட்டுப்போனது, சேறு காய்ந்து. இத இன்னுமா எடுக்காம வெச்சிருக்கறீங்க என்றாள், குரல் வேறாக இருந்தது, எடுத்தா நீ எறங்கிட்டதா ஆயிருமே என்றார் அவர், தரையில் படுத்துக்கொண்டே, முகத்தைக் காட்டாமல். வண்டி தழைந்தது, தகடு இறங்கி வந்து டயரின் தோளில் உட்கார்ந்துகொண்டது, விரல் போகவில்லை, நகம்கூடப் போகவில்லை, இப்படியே வெள்ளிக்கிழமை மகளையும் ஏற்றிக்கொண்டு மலையிறங்கியிருந்தால் வளைவுக்கு வளைவு அந்தத் தகடு டயரை அறுத்திருக்கும், ஒருத்தி வந்து உட்கார்ந்ததில் அத்தனையும் தெரிந்துவிட்டதே என்று அவர் மலைத்துப்போனார்.

இருபதைக் கழற்றிப் பத்தைப் போட்டார்கள், அதற்குத் தக்க போல்ட்டு. யாரும் கூப்பிடாமலே வசந்தாமணி எழுந்து வந்தாள், செருப்பைக் கழற்றினாள், ஏறினாள், அருளப்பனும் தொந்தியோடு ஏறினார், வண்டி தழைந்தது, நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டு விரலை விட்டார், போனது, ஒரு விரல், சுற்றிலும். போதுங்கக்கா, எறங்குங்க என்று அருளப்பன் இறங்கிவிட்டார், அவள் இறங்கவில்லை. ஏனுங்க, சித்த ஓட்டுங்க, எம்புள்ள உக்காரப்போற எடம், நான் மொதல்ல உக்காந்து பாத்துக்கறேன் என்றாள், பழைய செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டே.

அவர் ஓட்டினார், முதல் கியரில், கதவு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பின்சக்கரத்தைப் பார்த்தபடி, முன்னால பாத்து ஓட்டுங்க என்று அவள் அதட்டும் வரைக்கும், காலையில் காற்றில் நிற்பதுபோல் சுற்றிய அதே சக்கரம் இப்போது கனத்தோடு, மண்ணில் தடம் பதித்துக்கொண்டு, மெதுவாக, சுற்றுவது கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி சுற்றிக்கொண்டு, ஏறும்போது அவள் கீழே கழற்றிப்போட்ட புதுச் செருப்பைத் தாண்டிப் போகிறது, அக்கா செருப்பு, அக்கா செருப்பு என்று அருளப்பன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வருகிறார்.