இருபத்து மூன்றாவது கோடு

அல்வீனே அம்மாள் ஹாரோவின் கோப்பையில் இரண்டாம் முறை காபி ஊற்றினாள். ஆப்பிள் கேக்கில் பெரிய துண்டும் அவனுக்குத்தான். வருஷாவருஷம் நவம்பரில், போரில் செத்தவர்களுக்கான ஞாயிற்றுக்கிழமை வந்தால் இந்த உபசாரம் உண்டு. பிறகு இருவரும் தேவாலயத்துக்குப் போவார்கள். அங்கே நினைவுக்கல்லில் மலர்வளையம் வைத்து நாலு வார்த்தை பேசுவது அவன் வேலை. அவள் மகன் ரைமரைச் சுட்ட ஆங்கிலேயனை அங்கேயே சுட்டுத் தள்ளிய விமானி அல்லவா.

ரைமர் செத்த அன்று வானத்தில் எந்த ஆங்கிலேயனும் இல்லை. மூடுபனிக்குள் குறுக்கே வந்த விமானத்தை ஹாரோ பார்த்தான், இறக்கையில் இருந்த அடையாளத்தைப் பார்க்கவில்லை. விரல் முந்திக்கொண்டது. தரையிறங்கியதும், கூடப் பறந்தவன் மறுபேச்சில்லாமல் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். சாட்சி இருந்தால் சுட்டு வீழ்த்திய கணக்கில் ஒன்று ஏறிவிடும்; ஒவ்வொன்றுக்கும் விமான வாலில் ஒரு கோடு. சாயங்காலம் செய்தி வந்தது: எதிரி விமானம் விழுந்ததாக ஹாரோ எழுதிக்கொடுத்த அதே வயலில் கிடந்தது ரைமரின் விமானம். அதற்குள் மெக்கானிக் ஹாரோவின் விமான வாலில் இருபத்து மூன்றாவது வெள்ளைக் கோட்டைத் தீட்டி முடித்திருந்தான். அழிக்கச் சொல்ல ஹாரோவுக்கு வாய் வரவில்லை. தளபதியும் ஒன்றும் கேட்கவில்லை. ஆங்கிலேயன் கதையோடு தாய்க்கு ஒரு நல்ல கடிதம் போனது.

போருக்குப் பிறகு செங்கல் லாரி ஓட்டினான், வீடு வீடாகச் சலவை இயந்திரம் விற்றான். இப்போது புதிதாக அமைந்த விமானப்படை அவன் கணக்கில் இருந்த அந்த இருபத்து மூன்றைப் பார்த்துத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறது. ஆணை வந்த நாளிலிருந்து கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே அவனுக்குக் கூசியது.

"அம்மா, அப்படி ஒரு இங்கிலீஷ்காரனே கிடையாது. பனியில அடையாளம் தெரியல. ரைமரைச் சுட்டது நான்தான்."

அவள் மேஜையில் சிந்தியிருந்த கேக் தூளை உள்ளங்கையால் கூட்டிச் சேர்த்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கு சாயங்காலமே."

"அப்ப பன்னெண்டு வருஷமா தெரிஞ்சேதான் என் கேக்கைத் தின்னிருக்க."

அவன் கேக் தட்டைத் தள்ளி வைத்தான். அவள் எழுந்து கறுப்புத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"மேல்கோட்டை எடுத்து மாட்டு. மணி அடிச்சாச்சு."

"இனிமே அங்க நின்னு நான் என்னம்மா பேசறது?"

"எப்பவும் பேசறதைத்தான். எம் புள்ள எதிரி கையால செத்தான்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். அதையும் எங்கிட்டருந்து எடுத்துடாதே."

நினைவுக்கல்லின் முன் வாத்தியங்கள் ஓய்ந்தன. ஆண்கள் தொப்பிகளைக் கழற்றினார்கள். ஹாரோ மலர்வளையத்தை வைத்துவிட்டுத் திரும்பினான். முதல் வரிசையில் அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் வாய் திறப்பதற்கு முன்பே, அவன் வழக்கமாகச் சொல்லும் முதல் வாக்கியத்தை அவள் உதடுகள் சொல்லத் தொடங்கியிருந்தன.