கேட்காமல் போன தட்டல்

பாலத்தின் நடுவில் கார் நின்றுபோனது. காலைப் பனி இன்னும் விலகவில்லை. முன்னால் போன பஸ்ஸின் சிவப்பு விளக்குகள் வெள்ளைக்குள் கரைந்து மறைந்தன. ஸ்டெனோ ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல எல்லாம் அமைதியாக இருந்தது.

பின்னால் வந்த வேன்காரர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"என்ன சார், சம்மட்டியால அடிக்கிற மாதிரி சத்தம் வந்துச்சு. நீங்க பாட்டுக்கு ஓட்டிக்கிட்டே வர்றீங்க?"

"பாட்டுல கவனமா இருந்துட்டேன்" என்றார் ஸ்டெனோ. காரில் ரேடியோவே கிடையாது.

கோர்ட்டில் நீதிபதி சொல்லச் சொல்ல எழுதுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாகக் காதை வைத்துத்தான் சாப்பாடு. இடது காது இரண்டு வருடத்துக்கு முன்பே அடங்கத் தொடங்கியிருந்தது. இப்போது வலதும் மங்கல். நீதிபதி வலப்பக்கம் உட்காருவதால் பிழைப்பு ஓடியது. வீட்டிலும் மனைவி வலப்பக்கம் வரும்படியாகவே நாற்காலியைப் போட்டுக்கொள்வார். அவளிடம்கூடச் சொல்லவில்லை.

இன்ஜினுக்குள் பேரிங் தேய்ந்துபோய்த் தட்டியிருக்கிறது, வேறு இன்ஜின் மாற்றிவிடலாம் என்றார் மெக்கானிக். ஸ்டெனோ தலையாட்டிவிட்டு வந்து, நானே பிரித்துச் செய்கிறேன் என்று வீட்டில் சொன்னார்.

"பல்பு மாட்டவே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுற ஆளு நீங்க" என்றாள் மனைவி. அவள் பல் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் பல்செட் செய்து கொடுப்பவள். மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

"புத்தகம் இருக்கு. பார்த்துச் செய்வேன்."

ஏன் இந்தப் பிடிவாதம் என்று அவரால் விளக்க முடியவில்லை. பக்கத்திலேயே ஒன்று நாள்கணக்கில் கதறியிருக்கிறது, தனக்குக் கேட்கவில்லை என்ற நினைப்பு நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

மனைவியின் அண்ணன் சங்கிலிக் கப்பி கொண்டுவந்து இன்ஜினைத் தூக்கி ஷெட்டில் இறக்கிவைத்தார். "மாப்பிள்ளை, நட்டு மிச்சமாச்சுன்னா என்கிட்ட சொல்லாதீங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ஸ்டெனோவின் விடுமுறைப் பகல்கள் வேறோர் உலகத்தில் கழிந்தன. அடித்தட்டைக் கழற்றியதும் கறுத்த எண்ணெய் மெல்ல வழிந்தது. அதில் பொன்தூள் மாதிரி உலோகப் பொடி மினுங்கியது. ஒவ்வொரு பாகத்தையும் மண்ணெண்ணெயில் கழுவி, பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பில் வரிசையாக வைத்தார். கூரையின் ஓட்டை வழியே விழுந்த வெயில் நான்கு பிஸ்டன்களின் மேல் மெதுவாக நகர்ந்தது. உட்கார்ந்தபடியே கண் அயர்வார். கனவில் வாயசைக்கும் மனிதர்கள் வருவார்கள். சொல் ஒன்றும் வந்து சேராது. விழிக்கும்போது மடியில் அந்த பேரிங் கிடக்கும்: பிறை வடிவத்தில், செம்பு தெரியத் தேய்ந்து, காகிதமாக மெலிந்து.

பேரிங்கில் உட்கார்ந்து சுழலும் கிராங்க் தண்டைக் கடைசல் பிடிக்க லேத் பட்டறைக்கு எடுத்துப் போனபோது மனைவியும் கூட வந்தாள். பட்டறைக்காரருக்கு 'அரைநூல்' என்று பட்டப்பெயர். அளவு அரைநூல் பிசகினாலும் வேலையைத் திரும்பச் செய்கிறவர். தேய்ந்த இடத்தை நகத்தால் தடவிப் பார்த்தார்.

"இது ஒரே நாள்ல போனது இல்ல சார். ஒரு மாசமாவது தட்டியிருக்கும். செவிடனுக்குக்கூட கேட்டிருக்குமே."

ஸ்டெனோ சிரிக்கப் பார்த்தார். வாய் கோணியது. மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசல் பிடித்த கிராங்க் கண்ணாடி மாதிரி வந்தது. எண்ணெய் போகும் துளைகளைக் கம்பிவிட்டுச் சுத்தம் செய்து, புது பேரிங்குகளைப் பொருத்தினார். இடைவெளி சரியா என்று பார்க்க மெழுகு போன்ற மெல்லிய இழை ஒன்று உண்டு. அதைத் தண்டின் மேல் வைத்து பேரிங் மூடியை முறுக்கிக் கழற்றினால், நசுங்கிய அகலம் கணக்கைச் சொல்லிவிடும். ஸ்டெனோ குனிந்து அந்த இழையை வைத்துக்கொண்டிருந்தார். மனைவி அவர் இடப்பக்கம் வந்து நின்றாள்.

"மூடி தலைகீழா இருக்கு" என்றாள் மெதுவாக.

அவர் நிமிரவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

அவர் நட்டை எடுத்துத் துடைத்தார். அவள் சுற்றிவந்து வலப்பக்கம் மண்டியிட்டாள்.

"எத்தனை நாளா?"

அவர் கையிலிருந்த நட்டு விரிப்பில் விழுந்து உருண்டது. "ரெண்டு வருஷம்."

"நான் என்ன அடுத்த வீட்டுக்காரியா?"

"வேலை போயிடும்னு..." என்று இழுத்தார். பிறகு, "உன் சத்தமும் போயிடும்னு. சொன்னா நிஜமாயிடும்னு தோணுச்சு."

அவள் அழவில்லை. மூடியைத் திருப்பி வைத்தாள். அவர் அளவாக முறுக்கிக் கழற்றினார். நசுங்கிய இழையை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். "கடி சரியா இருக்கு. இந்தப் பல்லு மெல்லும்" என்றாள். இருவருக்கும் ஒன்றாகச் சிரிப்பு வந்தது.

இன்ஜினைக் காரில் ஏற்றிய நாளில், பிளக் மாட்டாமலே எண்ணெய் எங்கும் ஏறட்டும் என்று முதலில் வெறுமனே சுற்றவிட்டார்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் எண்ணெய் குறைவைக் காட்டும் சிவப்பு விளக்கு அணைந்த பிறகுதான் பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்தார்கள். இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. மனைவி நீள ஸ்குரூடிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையை இன்ஜினில் ஊன்றிக் கேட்டாள். ஸ்டெனோ அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து அவள் சரி என்று தலையசைத்தாள்.

திங்கட்கிழமை அவர் காது கேட்காததை நீதிபதியிடம் சொன்னார். நீதிபதி பேனாவை மூடிவைத்தார். "நான் முணுமுணுக்கிறேன்னு என் வீட்டுலயும் சொல்றாங்க. காதைப் பாருங்க, அப்புறம் பேசிக்கலாம்." காது டாக்டர் சோதித்துவிட்டு, இடது காது தேறாது, வலதுக்குக் கருவி உதவும் என்றார். அடுத்த மாதம் அவரைப் பதிவேட்டு அறைக்கு மாற்றினார்கள். எழுதுகிற வேலை போனதில் வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் நாள்முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டிருந்ததால் சாயங்காலங்களில் வந்த தலைவலியும் போயிருந்தது.

புது பேரிங் பழகும்வரை மெதுவாகத்தான் போக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றோரச் சாலையில் ஊர்ந்துகொண்டிருந்தார்கள். சைக்கிள்காரர் ஒருவர் தாண்டிப் போனார். ஸ்டெனோவின் வலது காதில் புதுக்கருவி. முன்சீட்டில் மனைவி ஏதோ பாட்டை முனகிக்கொண்டு வந்தாள். சாலை திரும்பியதும் ஸ்டெனோ திடுக்கிட்டு ஓரம்கட்டினார்.

"ஏதோ தட்டுது."

அவள் காது கொடுத்தாள். "அது இண்டிகேட்டர். அணைக்க மறந்துட்டீங்க."

அவர் கையை நீட்டினார். அணைக்கவில்லை. ஆற்றின் மேல் வெளிச்சம் அசைந்துகொண்டிருக்க, டிக், டிக் என்று அது தட்டுவதைக் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.