இரண்டு விரல் ஜன்னல்

எனக்கு முன்கோபம் அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஜனவரியில் நான் திட்டாத ஆள் கிடையாது. கரியைத் திட்டினேன், அடுப்பைத் திட்டினேன், புகைபோக்கி துடைக்க வந்தவரைத் திட்டினேன். கடைசியில் பக்கத்து வீட்டு வின்கோ அண்ணனை வீட்டுக்கே வரவழைத்துத் திட்டினேன். இன்றைக்கு அத்தனை பேருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

புத்தாண்டு கழிந்து நாலாம் நாள், என் கணவர் ஜெவாத் சரயேவோ ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினார். மூன்று வாரம் நிமோனியா. முப்பது வருடம் ப்ரேஸா சுரங்கத்தில் இறங்கி ஏறிய நெஞ்சு அது, பாதி ஏற்கெனவே தூசிக்குச் சொந்தம். கிளம்பும்போது டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"வீட்டைச் சூடா வெச்சுக்குங்க. இன்னொரு தடவை இந்த நெஞ்சு குளிர்ல மாட்டுச்சுன்னா, நான் எந்த உறுதியும் கொடுக்க முடியாது."

சூடுதானே, அதற்கென்ன குறைச்சல் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். நிலக்கரி மேல் உட்கார்ந்திருக்கிற ஊர் எங்களுடையது. கொட்டகை நிறையக் கரி கிடந்தது. போதாததற்கு, வெளிநாட்டில், கிராட்ஸ் நகரத்தில் வேலை பார்க்கும் எங்கள் மகள் செல்மா அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோதே ஆள் அனுப்பி, பழைய மர ஜன்னல்களையும் கதவையும் பிடுங்கிவிட்டு ரப்பர் வைத்த புதிய பிளாஸ்டிக் ஜன்னலும் கதவும் போட்டுக் கொடுத்திருந்தாள். மூடினால் தெருவில் லாரி போவதுகூடக் கேட்காது. அப்பாவுக்குக் குளிரக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தாள் பிள்ளை.

ஆனால் அடுப்பு எரியவில்லை. அணைந்தும் போகவில்லை, அதுதான் கொடுமை. உள்ளே கங்கு சோம்பேறித்தனமாகச் சிவந்துகொண்டு கிடக்கும். கரி போடக் கதவைத் திறந்தால் புகை முகத்தில் அடிக்கும். காபித் தண்ணீர் கொதிக்க அரை மணி நேரம். சுவரில் தொங்கும் வெப்பமானி பதினைந்தைத் தாண்டமாட்டேன் என்று நின்றது. அடுப்புக்குப் பக்கத்துத் திவான் கட்டிலில் ஜெவாத் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, மூன்று போர்வைக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு கிடந்தார்.

நான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். சாம்பல் தட்டைக் காலி செய்தேன். கம்பிகளுக்கு நடுவே அடைத்திருந்த கசடைக் குத்தித் தள்ளினேன். புகைக்குழாயைக் கழற்றி முற்றத்துப் பனியில் தட்டினேன், ஒரு வாளி புகைக்கரி விழுந்தது. குழாய்க்குள் இருக்கிற தகடு திறந்திருக்கிறதா என்று பார்த்தேன், திறந்துதான் இருந்தது. கீழே காற்று போகும் சின்னக் கதவையும் முழுக்கத் திறந்து வைத்தேன். எல்லாம் செய்து முடித்துக் கொளுத்தினால் மறுபடி அதே தூங்குமூஞ்சி நெருப்பு.

"உன் கோவத்தை எடுத்து அடுப்புல போடு ரெம்ஸியா," என்றார் ஜெவாத் போர்வைக்குள்ளிருந்து. "ஒரு வாரத்துக்குக் கரியே வேணாம்."

சிரிக்கப்போய் இருமல் பிடித்துக்கொண்டது. அந்த இருமல் எனக்குப் பிடிக்கவில்லை.

புகைபோக்கி துடைப்பவரைக் கூப்பிட்டேன். கறுப்பு உடுப்போடு அவர் வாசலில் நின்றதும், எங்கள் ஊர் வழக்கப்படி அதிர்ஷ்டம் வரட்டும் என்று என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டேன். கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளும் வெளியுமாக நடந்தார், கூரையிலிருந்து சங்கிலியை இறக்கிக் கலக்கினார். பிறகு ஒரு காகிதத்தைக் கொளுத்தி அடுப்புக்குள் காட்டினார். தீ விர்ரென்று மேலே போனது.

"இழுப்பு நல்லாத்தான் இருக்கும்மா. உங்க கரியப் பாருங்க," என்றார். போகும்போது கதவை ஒழுங்காகச் சாத்திவிட்டுத்தான் போனார். நெருப்பு மறுபடி படுத்துக்கொண்டது. அவர் தெருமுனை தாண்டும்வரை திட்டினேன்.

இப்போது நூரா அண்ணியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஜெவாத்தின் அக்கா, எழுபத்தாறு வயது, எங்களோடுதான் இருக்கிறார். அண்ணிக்கு உலகத்தில் எதிரி ஒன்றே ஒன்று: ப்ரோமயா. இங்கே ஒரு கதவு, அங்கே ஒரு ஜன்னல் திறந்திருந்தால் நடுவில் ஓடுமே, அந்தக் காற்று. அதற்குப் பயப்படாதவர்கள் எங்கள் நாட்டில் யாருமில்லை, நானும்தான் பயப்படுவேன். ஆனால் அண்ணியின் பயம் வேறு. அவருக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, அவர்களுடைய அம்மா வேர்க்க விறுவிறுக்கக் கம்பளம் துவைத்துவிட்டு, திறந்து கிடந்த இரண்டு கதவுகளுக்கு நடுவே உட்கார்ந்து இளைப்பாறினாராம். ஒன்பதாம் நாள் நெஞ்சு அடைத்துப் போய்ச் சேர்ந்தார். நாலு வயது ஜெவாத்தை வளர்த்தது அண்ணிதான். அன்றிலிருந்து அவர் இருக்கும் வீட்டில் எந்தக் கதவும் ஒரு ஆள் நுழையும் நேரத்துக்கு மேல் திறந்திருந்ததில்லை.

அவர் வீட்டுக்கு வந்த நாலாம் நாளே எங்கள் மூவருக்கும் தலைவலி.

"எங்கயோ ப்ரோமயா நுழையுதுடீ," என்றார் அண்ணி. துண்டைச் சுருட்டிக் கதவடியில் திணித்தார். தலைவலி கூடியது. சாவித் துவாரத்தில் பஞ்சு வைத்தார். எனக்கு வாந்தி வருகிற மாதிரி இருந்தது. அலமாரிக்குப் பின்னால் சுவரில் பழைய காற்றுத் துளை ஒன்று இருந்ததை நினைவு வைத்துக்கொண்டு, அதையும் தலையணை உறையால் அடைத்தார். அடைக்க அடைக்கத் தலை வலித்தது, வலிக்க வலிக்க அடைத்தார். நானும் துணி கிழித்துக் கொடுத்தேன், பொய் சொல்லக்கூடாது.

ஏழாம் நாள் காலையில் வெப்பமானி பதினாலுக்கு இறங்கியது. ஜெவாத் கஞ்சி வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் உதடு பார்க்க நன்றாக இல்லை. எனக்குள் பயம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். இந்தக் கரியை இறக்கச் சொன்னது யார்? வின்கோ அண்ணன். தொலைபேசியை எடுத்தேன்.

வின்கோ அண்ணனும் ஜெவாத்தும் சுரங்கத்தில் ஒரே குழு. ஒரே லாரியில் வந்த கரியைத்தான் இரண்டு வீட்டுக்கும் பாதிப் பாதியாகக் கொட்டியிருந்தார்கள். மனிதர் தன் கொட்டகையிலிருந்து ஒரு வாளி கரியோடு வந்து நின்றார்.

"இது எங்க வீட்டுக் கரி. எங்க வீட்ல பனியனோட உக்காந்திருக்கோம். இதப் போட்டுப் பாரு, அப்புறம் பேசு."

போட்டோம். முக்கால் மணி நேரம் மூன்று பேரும் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கரியும் அதே மாதிரி மங்கிக் கிடந்தது. அத்தோடு நான் சும்மா இருந்திருக்கவேண்டும்.

"பாத்தீங்களா? ரெண்டு கரியும் ஒரே குப்பைதான். சாவுற மனுஷனுக்கு வாங்கிக் குடுக்கிற கரியா இது?"

"நாக்கை அடக்கு ரெம்ஸியா. அவன் எனக்கும் கூடப் பொறந்தவன் மாதிரிதான்."

"மாதிரி! மாதிரியா இருந்து என்ன, வீடு சூடாச்சா?"

காபிகூடப் போட்டுக் கொடுக்கவில்லை நான். எங்கள் ஊரில் வந்தவருக்குக் காபி தராமல் அனுப்புவதும் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதும் ஒன்றுதான். அவர் முகம் சிவந்துவிட்டது. விடுவிடென்று போய்ப் பூட்ஸை மாட்டிக்கொண்டார். கதவைத் திறந்தவர் அப்படியே போயிருந்தால் இன்று நான் இதைச் சொல்ல இருந்திருக்கமாட்டேன். ஆனால் அவருக்கும் ரோஷம் உண்டு. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே வைத்துக்கொண்டு திரும்பினார்.

"நான் ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ..."

"கதவு! கதவு!" என்று அலறினார் நூரா அண்ணி. "ப்ரோமயா அடிக்குது! வின்கோ, உனக்குப் புண்ணியமாப் போகும், உள்ள வா, இல்ல வெளிய போ!"

"பூட்ஸோட உள்ள வர மாட்டேன் நூராக்கா. சொல்ல வந்ததச் சொல்லாமப் போகவும் மாட்டேன். பதினஞ்சு வருஷமா இவளுக்குக் கரி பாத்து வாங்கறேன், ஒரு தடவையாவது..."

அவர் வாய் அப்படியே நின்றது. என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தார். நானும் திரும்பினேன்.

அடுப்பு கர்ஜித்துக்கொண்டிருந்தது. அடுப்புக் கதவின் கண்ணாடி வழியே மஞ்சள் ஜுவாலை துள்ளியது. குழாய் டிக் டிக்கென்று சத்தம் போட்டது.

வின்கோ அண்ணன் வாசல் கதவைச் சாத்தினார். மெதுவாக முப்பது எண்ணுவதற்குள் ஜுவாலை குறுகி, சிவந்து, படுத்துவிட்டது. திறந்தார், எழுந்தது. சாத்தினார், படுத்தது.

"தலை வலிக்குதா உங்களுக்கு?" என்றார். குரலில் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

"மூணு பேருக்கும். நாலு நாளா," என்றேன்.

அவர் பூட்ஸோடு உள்ளே வந்தார். என் கம்பளத்தின் மேல் பனியும் சேறுமாக ஓடினார். ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்து விரித்தார். ஜெவாத்தைப் போர்வையோடு சேர்த்து அள்ளிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். நூரா அண்ணி அவர் முதுகில் குத்திக்கொண்டே பின்னால் ஓடினார்.

"கொலைகாரா! என் தம்பியக் கொல்றியே! நெஞ்சு நோயாளிடா அவன்!"

"காத்து செத்துப்போச்சுக்கா இந்த வீட்ல!" என்று கத்தினார் அவர். "நெருப்புக்கு மூச்சு விடக் காத்து இல்ல. பாதி வெந்த புகை குழாய்ல ஏறாம உங்களுக்குள்ளதான் ஏறுது. சுரங்கத்துல எத்தனை பேரை இப்படித் தூக்கிட்டு வந்திருக்கோம், கேளு அவனை!"

ஜெவாத் வாசல் பெஞ்சில் சாய்ந்து மூச்சை இழுத்தார். இழுத்து இழுத்து விட்டார்.

"முப்பது வருஷம் விளக்குச் சுடரப் பாத்துக் காத்தை எடை போட்டவன் நான்," என்றார். "சொந்த அடுப்பப் பாத்துத் தெரியலயே வின்கோ."

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வண்டி வந்து எங்களை ஏற்றிப் போனது. மூவருக்கும் ரத்தம் எடுத்தார்கள், பிராணவாயு வைத்தார்கள். அங்கிருந்த இளம் டாக்டர் தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "இன்னும் ஒண்ணு ரெண்டு நாள் போயிருந்தா தூக்கத்துலயே முடிஞ்சிருக்கும்," என்றார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நல்ல கரி, நல்ல அடுப்பு, நல்ல புகைபோக்கி, நல்ல மனிதர்கள். செல்மாவின் ஜன்னலையும் குறை சொல்லமாட்டேன். காற்று புகாத ஜன்னல் கேட்டோம், காற்று புகாத ஜன்னல் வந்தது. அவளிடம் நான் இன்னும் முழுக் கதையையும் சொல்லவில்லை, சொன்னால் பிள்ளை அழும்.

சாயங்காலம் நாங்கள் வீடு திரும்பியதும் வின்கோ அண்ணன் சட்டம் போட்டார். அலமாரிக்குப் பின்னால் அடைத்த துளையில் முன்பே எலி மண் தள்ளி வைத்திருந்தது, அது உதவாது. குளிர் குறைந்ததும் கொத்தனாரை வைத்து அடுப்புக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு துளை போட்டுக் குழாய் செருகித் தருவார். அதுவரை அடுப்பு எரிகிற நேரமெல்லாம் திவானுக்கு மேலிருக்கும் ஜன்னல் இரண்டு விரல் அளவு திறந்திருக்கவேண்டும். "ஜன்னல் மூடினா அடுப்பும் மூடணும். இதுல பேச்சே இல்ல நூராக்கா." அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிய பீட்டா ஒரு தட்டு சுட்டு எடுத்துக்கொண்டு வின்கோ அண்ணன் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் சொல்லவேண்டியதை ஒத்திகை பார்த்தேன். அவர் கதவைத் திறந்ததும் எனக்கு அழுகைதான் வந்தது.

"மன்னிச்சிருங்கண்ணே. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல."

"நல்லவேளை நீ வாயாடி," என்றார் அவர், தட்டை வாங்கிக்கொண்டே. "வேற பொம்பளையா இருந்தா மரியாதையா வழியனுப்பி வெச்சிருப்பா, நானும் கதவைச் சாத்திட்டுப் போயிருப்பேன்."

அவர் வீட்டில் காபி குடித்தேன். இரண்டு தடவை. என் வாயாடித்தனத்துக்காக ஒருவர் நன்றி சொல்வது இதுவே முதல் தடவை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினேன்.

உள்ளே நுழைந்ததும் சூடு முகத்தில் வந்து மோதியது. வெப்பமானி இருபத்து மூன்று காட்டியது. ஜெவாத் தொப்பியைக் கழற்றிவிட்டு, உதட்டில் நிறம் வந்து, தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் இரண்டு விரல் அளவு திறந்திருந்தது. நான் திறக்கவில்லை. நோயாளியால் எழ முடியாது.

ஜன்னலுக்கும் திவானுக்கும் நடுவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நூரா அண்ணி உட்கார்ந்திருந்தார். தலையில் இரண்டு துணி, மேலே குளிர்கால மேலங்கி, அதற்கு மேல் ஒரு போர்வை. நிமிர்ந்து, அசையாமல், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

"அண்ணி, அங்க ஏன் உக்காந்திருக்கீங்க? காத்து நேரா உங்க மேல அடிக்குதே."

"மெதுவாப் பேசு, அவன் தூங்கறான்," என்றார். கண்ணைத் திறக்கவில்லை. "காத்து இல்லாட்டி அவன் செத்துருவான்னு டாக்டர் சொல்றாரு, வின்கோ சொல்றான். சரி. உள்ள வரட்டும். ஆனா வந்தா யாராவது ஒருத்தர் மேல பட்டுத்தானடீ ஆகணும்? எனக்கு எழுபத்தாறு ஆச்சு."

காற்று அவரை ஒன்றும் செய்யாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லி என்ன? அவருக்கு அது தெரியாது. தெரியாமல்தான், தானே எழுந்து போய்த் திறந்துவிட்டு, அதன் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார். வின்கோ அண்ணனுக்கு பீட்டா கொடுத்தேன், டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டேன், ஆண்டவனுக்கு ஐந்து வேளைத் தொழுகையிலும் சொல்கிறேன். இவருக்கு என்ன கொடுத்து நன்றி சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

என் தோளிலிருந்த சால்வையை எடுத்து அவர் முதுகில் போர்த்திவிட்டு, அடுப்புக்குக் கரி எடுத்து வரப் போனேன்.